பாக்கெட்டா, மாத்திரையா, வேர்க்கடலையா? விந்தணு குறைந்தவர்கள் எதில் காசு போடுவது

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், லேபில் கூட்டம் வடிந்திருந்த நேரம். ஒரு வாரம் முன்பு விந்துப் பரிசோதனை ரிசல்ட் வாங்கிப்போன தம்பி ஒருவர் மஞ்சள் பையோடு திரும்ப வந்தார். முப்பத்தொரு வயது, கல்யாணமாகி இரண்டு வருடம். கவுண்ட், அதாவது விந்தணு எண்ணிக்கை, ஒரு மில்லிக்கு 11 மில்லியன். விந்தணு நீந்தும் வேகமான நகர்வும் கொஞ்சம் குறைவு. பையில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் கவுன்டர்மேல் வைத்தார். ஆர்ஜினைன் பாக்கெட் ஒரு டப்பா. கார்னிடைன், துத்தநாகம், லைக்கோபீன் எல்லாம் சேர்ந்த மாத்திரை இரண்டு அட்டை. வே புரோட்டீன் ஒரு டின். பூனைக்காலிச் சூரணம் ஒரு பாட்டில். கடைசியாக, மாமியார் வறுத்துக் கொடுத்தனுப்பிய வேர்க்கடலை ஒரு சம்படம் நிறைய.

"அண்ணே, இதுல எதைச் சாப்பிடறது? எல்லாத்தையும் சாப்பிட்டா தப்பா?"

ஒரு வாரத்தில் ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் வாங்கிச் சேர்த்திருந்தார். நான் டாக்டர் இல்லை, மருந்து எழுதித் தர எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் பதினாறு வருடமாக இந்த மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து விந்தணு எண்ணுகிறவன். இந்தக் கேள்வியை வாரத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள். நின்றுகொண்டே சொல்லும் பதில் யாருக்கும் போதுவதில்லை என்பதால் அந்தப் பையில் இருந்த ஐந்தையும், பையில் இல்லாத ஆறாவது ஒன்றையும் இங்கே உட்கார்ந்து எடைபோடுகிறேன்.

ஆர்ஜினைன் ஓர் அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் செங்கற்களில் ஒன்று. முதலில், அமினோ அமிலத்துக்கும் விந்தணுவுக்கும் அப்படி என்ன உறவு என்று பார்த்துவிடலாம். விந்தணுவின் தலைக்குள் அப்பா தரும் மரபுச் சரடு மற்ற செல்களில் இருப்பதைவிடப் பல மடங்கு இறுக்கமாகச் சுருட்டி அடைக்கப்பட்டிருக்கிறது. அதை அப்படி இறுக்கிக் கட்டுவது புரோட்டமின் என்ற குட்டிப் புரதம். 1874இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மீஷர் என்பவர் ரைன் ஆற்றுச் சால்மன் மீனின் விந்தணுவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். மனிதனின் புரோட்டமினில் ஏறக்குறையப் பாதி ஆர்ஜினைன் என்ற ஒரே அமினோ அமிலம்தான். அதே ஆர்ஜினைனிலிருந்துதான் ஸ்பெர்மின் போன்ற பொருள்களும் உண்டாகின்றன. விந்துவுக்கு இருக்கும் அந்தத் தனி வாடைக்கு ஸ்பெர்மினுக்கும் பங்குண்டு. காய்ந்த விந்துவில் அதன் படிகங்களை மைக்ராஸ்கோப் முன்னோடியான லேவன்ஹூக் 1678லேயே தன் சொந்த லென்ஸில் பார்த்துவிட்டார். ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் ஆர்ஜினைனிலிருந்து வருவதுதான். ஆக உறவு உண்மை, விளம்பரக்காரர்கள் கட்டிய கதை இல்லை.

1944இல் அமெரிக்காவில் ஹோல்ட், ஆல்பனீஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஆண்கள் சிலருக்கு ஆர்ஜினைன் நீக்கிய உணவை ஒன்பது நாள் கொடுத்தார்கள். விந்தணு எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. இன்றைக்கு ஆர்ஜினைன் விற்கிற ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் இந்தச் சோதனை நிற்கிறது.

சரி, இங்கேதான் நாம் சறுக்குகிறோம். ஒன்று அறவே இல்லாமல் போனால் கெடுகிறது என்பது, அதை அதிகம் கொடுத்தால் பெருகும் என்பதற்குச் சாட்சி ஆகாது. உலையில் தண்ணீர் வற்றினால் சோறு தீய்ந்துபோகும். அதற்காக இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றினால் சோறு இரண்டு பங்காகிவிடுமா? குழைந்துதான் போகும். அந்தத் தம்பியின் பையில் இருந்த ஒவ்வொன்றிடமும் நான் கேட்டது ஒரே கேள்விதான்: இவருக்குத் தண்ணீர் வற்றியிருக்கிறதா, இல்லையா?

ஆர்ஜினைன் பாக்கெட்

மருந்துக் கடைகளில் இது 3 கிராம் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. வயிற்றில் குழந்தை வளர்ச்சி குறைந்த கர்ப்பிணிகளுக்கு எழுதித் தருவார்களே, அதே சரக்குதான். தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும்.

இதன் பக்கம் பேசும் பெரிய ஆய்வு 1973இல் வந்தது. ஷாக்டர் குழுவினர் 178 ஆண்களுக்குத் தினம் 4 கிராம் கொடுத்தார்கள். நான்கில் மூன்று பங்குப் பேருக்கு முன்னேற்றம் என்று எழுதினார்கள். கேட்கவே மனசு குளிர்கிறது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மருந்து வாங்கிய குழு என்று ஒன்று இல்லை. 1978இல் பிரிட்டனில் பிரையர் குழுவினர் ஆர்ஜினைனையும் சத்தில்லாத வெற்று மருந்தையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஒரே ஆள், எந்த மருந்தும் இல்லை, ஐந்து வாரம் இடைவெளி. முதல் தடவை 8 மில்லியன், அடுத்த தடவை 21. காய்ச்சல், தூக்கம், எத்தனை நாள் விந்து வெளியேற்றாமல் இருந்து சாம்பிள் கொடுத்தார், பாத்திரத்தில் முழுசாக விழுந்ததா என்று எத்தனையோ காரணம். ரொம்பக் குறைந்த அன்றைக்குத்தான் மனுஷன் மருந்து தேடி ஓடுகிறான். அதற்கப்புறம் எண்ணிக்கை தானாக ஏறினாலும் பெயர் பாக்கெட்டுக்குப் போய்விடுகிறது.

இன்னொன்று. வாய்வழியாகப் போகும் ஆர்ஜினைனில் ஐந்தில் இரண்டு பங்கு குடலிலேயே சிதைந்துவிடுகிறது, மிச்சத்திலும் ஒரு பகுதியைக் கல்லீரல் எடுத்துக்கொள்கிறது. தர்பூசணியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட சிட்ருலின் என்ற அமினோ அமிலம் இந்த இரண்டு சுங்கச்சாவடியையும் தாண்டிப் போய்ச் சிறுநீரகத்தில் ஆர்ஜினைனாக மாறுகிறது. அதனால் இப்போது சிட்ருலின் பொடியும் விற்பனைக்கு வந்துவிட்டது. ரத்தத்தில் ஆர்ஜினைன் ஏறுகிறது என்பது சரி. கவுண்ட் ஏறுகிறது என்று சொல்ல அது போதாது.

எச்சரிக்கை ஒன்று உண்டு, இதை அழுத்திச் சொல்கிறேன். மாரடைப்பு வந்து தேறியவர்களுக்கு ஆர்ஜினைன் கொடுத்த ஒரு அமெரிக்க ஆய்வு 2006இல் வெளியானது. 153 பேர் அதில் சேர்ந்திருந்தார்கள். ஆர்ஜினைன் எடுத்தவர்களில் ஆறு பேர் இறந்தார்கள், மற்ற பக்கம் ஒருவரும் இல்லை. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். இதய நோய் இருப்பவர்கள், நைட்ரேட் மாத்திரை போடுகிறவர்கள், விறைப்புக்கு சில்டெனாஃபில் எடுப்பவர்கள் இந்தப் பாக்கெட்டைத் தாங்களாக வாங்கவே கூடாது. ரத்தக் குழாய் தளர்ந்தால் பிரஷர் இறங்கும், ஆனால் முப்பதைத் தாண்டிய பிறகு தன் பிரஷர் எவ்வளவு என்று தெரியாத ஆண்கள் நம்மிடையே நிறைய.

கார்னிடைன் மாத்திரை

பையில் இருந்ததிலேயே ஓரளவு சாட்சி உள்ளது என்றால் இதுதான். கண்டிப்பாகப் பார்த்தால் கார்னிடைன் புரதத்தில் சேரும் அமினோ அமிலம் இல்லை. லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து நம் கல்லீரலும் சிறுநீரகமும் அதைத் தயாரித்துக்கொள்கின்றன. விதையிலிருந்து வெளியே வரும் விந்தணு, எபிடிடிமிஸ் என்ற நீண்ட சுருள் குழாயில் ஏறக்குறைய இரண்டு வாரம் கிடந்து நீந்தப் பழகுகிறது. அந்தக் குழாய் ரத்தத்திலிருந்து கார்னிடைனை இழுத்துத் தன்னிடம் பல மடங்கு சேர்த்து வைத்துக்கொள்கிறது. கொழுப்பை எரித்து வாலுக்குச் சக்தி தர அது வேண்டும். அதனால் கார்னிடைனிடம் எண்ணிக்கையைவிட நகர்வைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

ரோமில் லென்சி குழுவினர் 2003லும் 2004லும் வெற்று மருந்தோடு ஒப்பிட்டு இரண்டு ஆய்வு செய்தார்கள். முதலாவதில் தினம் 2 கிராம் கார்னிடைன். இரண்டாவதில் அதோடு 1 கிராம் அசிட்டைல் கார்னிடைன் சேர்த்து ஆறு மாதம். நகர்வு கூடியது, அதிலும் தொடக்கத்தில் ரொம்ப மந்தமாக இருந்தவர்களுக்குக் கூடுதல் பலன். 2006இல் அமெரிக்காவில் சிக்மன் குழுவினர் அதே அளவை இருபத்தி சொச்சம் பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சின்ன ஆய்வு என்று அதைத் தள்ளலாம், ஆனால் லென்சியுடையதும் ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்த ஆய்வு இல்லை.

கடையில் விற்கும் கூட்டு மாத்திரையை வாங்குமுன் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்தத் தம்பி கொண்டு வந்ததில் பதினொரு சரக்கு இருந்தது. கார்னிடைன் அளவு 500 மில்லிகிராம், அதாவது ரோமில் கொடுத்ததில் கால்பங்கு. மிச்சம் பத்துப் பெயர்களும் பெட்டியின் கனத்தைக் கூட்டத்தான். இதைப் போன்ற கலவையை அமெரிக்காவில் ஒழுங்காகச் சோதித்தார்கள். கார்னிடைன் 1 கிராமோடு வைட்டமின் சி, இ, செலினியம், துத்தநாகம், ஃபோலிக் அமிலம், லைக்கோபீன். 2020இல் முடிவு வந்தது: எண்ணிக்கை, நகர்வு, வடிவம், டி.என்.ஏ. சேதம் எதிலும் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. அதே வருடம் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் 2,370 தம்பதிகள். கணவர்களுக்கு ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் ஆறு மாதம். குழந்தை பிறந்தது மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம், எடுக்காதவர்களில் 35 சதவீதம். வயிற்றுத் தொந்தரவு மட்டும் மாத்திரைக்காரர்களுக்கு அதிகம்.

கார்னிடைன் மாத்திரையாகப் போனால் ஐந்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வதில்லை. தினம் 3 கிராம் போல எடுத்தால் மிச்சத்தைக் குடல் கிருமிகள் சிதைத்து, வியர்வையில் மீன் வாடை அடிக்க வைக்கும். ஒருவர் என்னிடம், "வீட்ல பக்கத்துல உக்கார மாட்டேங்கறா சார்" என்று வருத்தத்தோடு சொன்னார். பாவம், அவர் எடுத்துக்கொண்டிருந்ததே அந்த அம்மாவுக்காகத்தான்.

வேர்க்கடலைச் சம்படம்

இப்போது மாமியார் கொடுத்தனுப்பியதற்கு வருகிறேன். நாம் சாப்பிடும் சாப்பாட்டில் எவ்வளவு ஆர்ஜினைன் இருக்கிறது என்று யாரும் கணக்குப் போடுவதில்லை, போட்டுப் பார்க்கலாம். வேர்க்கடலையில் 100 கிராமுக்கு 3 கிராம் ஆர்ஜினைன். ஒரு கைப்பிடி, 30 கிராம் என்றால், ஏறக்குறைய 0.9. எள்ளில் 100 கிராமுக்கு இரண்டரைக்கு மேல். ஒரு முட்டையில் 0.4. கொண்டைக்கடலை ஊறவைக்குமுன் 50 கிராம் எடுத்துச் சுண்டல் செய்தால் 0.9. சாம்பாரில் ஆளுக்கு 30 கிராம் துவரம்பருப்பு வந்தால் 0.4. மீன் நூறு கிராம் என்றால் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அரிசியையும் விட்டுவிடக் கூடாது. நாள் முழுக்கச் சாப்பிடும் கால் கிலோ அரிசியிலேயே ஒன்றேகால் கிராம் வந்துவிடும்.

சோறு, சாம்பார், இரண்டு முட்டை, ஒரு துண்டு மீன், ஒரு கைப்பிடி கடலை. கூட்டினால் ஏறக்குறைய நாலரை கிராம் வருகிறது. 3 கிராம் பாக்கெட்டைவிட அதிகம். இதற்கு மேல் உடம்பே தயாரித்துக்கொள்ளும் ஆர்ஜினைன் தனி. 1944 சோதனையில் இருந்தவர்களின் நிலை இவருக்கு வர வாய்ப்பே இல்லை.

ஆனால் எல்லோரும் இப்படிச் சாப்பிடுவதில்லை, அதையும் பார்க்கிறேன். காலையில் டீயும் இரண்டு பன்னும், மதியம் ரசம் சோறு, ராத்திரி பரோட்டாவுக்குச் சால்னா மட்டும். லோடு வண்டி ஓட்டும் பையன்கள், தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ ஆளுக்கு 54 கிராம். பன், ரசம், சால்னாவில் அது வராது. இவர்களுக்குத்தான் உலையில் தண்ணீர் வற்றியிருக்கிறது. சாப்பாட்டைச் சரி செய்தால் பலன் கிடைக்கக்கூடியவர்களும் இவர்கள்தான்.

அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பருப்பில் லைசின் நிறைய ஆனால் மெத்தியோனின் குறைவு. இட்லியில், பொங்கலில், பருப்புச் சோற்றில் இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. கார்னிடைன் செய்ய உடம்புக்கு வேண்டிய அதே இரண்டு அமினோ அமிலங்கள். சைவர்கள் கறியில் கிடைக்கும் கார்னிடைன் இல்லையே என்று பயப்பட வேண்டாம், இட்லி உளுந்தைக் குறைக்காமல் இருந்தால் போதும். மாவு நிறைய வரும் என்று நாலுக்கு ஒன்றாக இருந்த உளுந்தை ஆறுக்கு ஒன்றாக்கிய வீடுகள் எனக்குத் தெரியும்.

உணவின் பக்கம் ஆய்வு இருக்கிறதா? இருக்கிறது. ஸ்பெயினில் 119 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் செய்தது, 2018இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் தினம் 60 கிராம் பாதாம், ஹேசல்நட், வால்நட் கலவையைப் பதினான்கு வாரம் சாப்பிட்டார்கள். எண்ணிக்கை ஏறக்குறைய 16 சதவீதமும், நகர்வு 6 சதவீதமும் கூடியது. அவர்கள் யாரும் குழந்தையில்லாப் பிரச்சினைக்கு வந்தவர்கள் இல்லை என்பதை மறக்கக் கூடாது. கொட்டைகளில் ஆர்ஜினைன் மட்டுமா இருக்கிறது? ஒமேகா-3, ஃபோலேட், வைட்டமின் இ எல்லாம் சேர்ந்து வேலை செய்திருக்கலாம். உணவின் வசதியே அதுதான், எது உதவியது என்று பிரித்துப் பார்க்காமலே அத்தனையும் கிடைத்துவிடுகிறது. வால்நட் வாங்கக் கட்டுப்படாதவர்கள் வேர்க்கடலையோடு ஒரு ஸ்பூன் எள்ளும் ஆளிவிதையும் சேர்த்துக்கொள்ளலாம். வேர்க்கடலையில் இல்லாத ஒமேகா-3 ஆளிவிதையில் இருக்கிறது. அவித்த கடலை நல்லது, உப்பு போட்டு எண்ணெயில் பொரித்ததை விடுங்கள், பூசணம் வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

மீல்மேக்கர் சாப்பிட்டால் ஆண்மை போய்விடுமா என்றும் கேட்கிறார்கள். 2008இல் பாஸ்டனில் 99 ஆண்களைப் பார்த்த ஓர் ஆய்வில் சோயா மிக அதிகம் சாப்பிட்டவர்களுக்கு விந்தணுவின் அடர்த்தி குறைவாக இருந்தது. நகர்விலும் வடிவத்திலும் வித்தியாசம் இல்லை. பின்னால் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது டெஸ்டோஸ்டிரோனும் குறையவில்லை. வாரம் இரண்டு நாள் மீல்மேக்கர் குழம்பு வைப்பதற்கு யாரும் பயப்பட வேண்டாம்.

வே டின்னும் பூனைக்காலியும்

வே புரோட்டீனில் லூசின் நிறைய, தசைக்கு அது பிடிக்கும். ஆர்ஜினைன் குறைவுதான். 25 கிராம் புரதம் தரும் ஒரு ஸ்கூப்பைவிட ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஆர்ஜினைன் அதிகம். சாப்பாட்டில் புரதம் போதாதவர்களுக்கு வே உதவலாம். விந்தணுவுக்கென்று வாங்க ஒரு காரணமும் இல்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் புரதப் பொடிகளைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது.

டின்னைவிட, டின் விற்கும் ஜிம்மில் கூடவே கிடைக்கும் ஊசிதான் எனக்குப் பயம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் மூளை, "வேண்டிய அளவு இருக்கிறது" என்று நினைத்து, விதைக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். உலகச் சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடையாகச் சோதித்து 1990இல் முடிவை வெளியிட்டது. வாரம் ஓர் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணுவே இல்லாமல் போனது. நல்ல உடற்கட்டோடு வரும் இளைஞரின் சாம்பிளை மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஒரு கட்டம், இரண்டு கட்டம், நூறு கட்டமும் தேடி, ஒன்றும் இல்லாமல் மறுபடி சுழற்றி அடியில் படிந்ததை எடுத்துப் பார்க்கும் நேரம் இருக்கிறதே, கை நடுங்கும். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடமும் ஆகும். ஜிம் ஊசி போட்டவர்கள் டாக்டரிடம் அதை மறைக்காதீர்கள்.

பூனைக்காலி விதையில் எல்-டோப்பா இருக்கிறது. அதுவும் ஓர் அமினோ அமிலம்தான், பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் மருந்தும் அதுதான். லக்னோவில் குழந்தையில்லாத 75 ஆண்களுக்குத் தினம் 5 கிராம் விதைப்பொடி மூன்று மாதம் கொடுத்து, 2009இல் முன்னேற்றம் என்று எழுதினார்கள். அங்கேயும் வெற்றுப்பொடி வாங்கிய குழு இல்லை. சித்த மருத்துவம் நெடுங்காலமாக இதைப் பயன்படுத்துகிறது, அதை நான் மதிக்கிறேன். அதனாலேயே சொல்கிறேன், படித்த சித்த மருத்துவர் சுத்தி செய்து அளவு சொல்லித் தருவது வேறு, ஆன்லைனில் வந்த பாட்டில் வேறு. மனநல மருந்தோ பார்க்கின்சன் மருந்தோ எடுப்பவர்கள் தொடக்கூடாது.

பையில் இல்லாதது

தம்பி ஐந்து பொருள் வாங்கியிருந்தார். டாக்டரிடம் ஒரு தடவைகூட உடம்பைக் காட்டவில்லை. ரிசல்ட் பேப்பரை மட்டும் போனில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பியிருந்தார்.

குழந்தையில்லாமல் பரிசோதனைக்கு வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேலே வெரிகோசீல் இருக்கிறது, அதாவது விதைப்பைக்குள் ரத்த நாளம் புடைத்துச் சுருண்டிருப்பது. விதைக்குச் சூடு ஏறும், உற்பத்தி குறையும். நிற்க வைத்து, மூச்சை அடக்கச் சொல்லி, கையால் தொட்டுப் பார்த்தாலே யூராலஜிஸ்ட் கண்டுபிடித்துவிடுவார். ஐந்து நிமிட வேலை. கையில் தட்டுப்படும் அளவு இருந்து, கவுண்டும் குறைந்திருந்தால் ஆபரேஷன் செய்து சரி செய்யலாம். எந்தப் பாக்கெட்டும் அந்த நாளத்தைச் சுருக்காது.

விந்தணு ஒன்றுகூட இல்லாதவர்கள் கதை இன்னும் வேதனை. சில வருடம் முன்பு ஒருவர் வந்தார். வேறொரு இடத்தில் பதினான்கு மாதம் மாற்றி மாற்றிச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் பார்த்தபோது விந்துவின் அளவே அரை மில்லி, அணு பூஜ்யம். குழாய் அடைப்பா என்று அதுவரை யாரும் பார்க்கவில்லை. அவர் மனைவிக்கு அப்போது முப்பத்தாறு வயது. மாத்திரைக்குப் போன காசை மறுபடி சம்பாதித்துவிடலாம். அந்தப் பதினான்கு மாதத்தை அந்த அம்மாவுக்கு யார் திருப்பிக் கொடுப்பது? எனக்கு இன்னும் ஆறவில்லை.

காலக் கணக்கை இங்கே சொல்ல வேண்டும். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், வெளியே வரும் பாதையில் இன்னும் இரண்டு வாரம். நீங்கள் இன்று சாப்பிடுவது தெரிய மூன்று மாதம் ஆகும். ஐந்து பொருளையும் ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்த்தால் ஒன்றேகால் வருடம் போய்விடும். ஐந்தையும் ஒன்றாக விழுங்கினாலோ, எது உதவியது எது கெடுத்தது என்றே தெரியாது.

யாருக்கு எது

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் இருக்கும் கீழ் எல்லை மில்லிக்கு 16 மில்லியன், மொத்தம் 39 மில்லியன், நகர்வு 42 சதவீதம். இதற்குச் சற்றுக் கீழே இருந்து, மனைவிக்கு முப்பதுக்குள் வயது, டாக்டர் தொட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட்டார் என்றால், சாப்பாட்டைச் சரி செய்து, புகையை நிறுத்தி, மூன்று மாதம் பொறுத்து மறுபடி பார்ப்பதே என் தேர்வு. பாக்கெட் வேண்டாம்.

எண்ணிக்கை சரி, நகர்வு மட்டும் மந்தம் என்றால், டாக்டர் ஒப்புக்கொண்டால் கார்னிடைனை முயன்று பார்க்கலாம். தனிச் சரக்காக, ஆய்வில் கொடுத்த அளவுக்கு அருகில், மூன்று முதல் ஆறு மாதம், அதற்குமேல் நீட்ட வேண்டாம். அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல் சத்து மாத்திரைகளால் பலன் உண்டா என்பதே கேள்விக்குறி என்கிறது. 2022இல் தொண்ணூறு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் குழுவும் தரம் குறைந்த ஆய்வுகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் குழந்தை பிறப்பில் பலன் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு எடுத்தால் ஏமாற்றம் குறையும்.

5 மில்லியனுக்குக் கீழே, அல்லது பூஜ்யம் என்றால் கடலையைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நேரே யூராலஜிஸ்ட் அல்லது ஆண்களின் குழந்தைப்பேறுப் பிரச்சினையைப் பார்க்கும் ஆண்ட்ராலஜிஸ்ட். ஹார்மோன், குரோமோசோம், ஒய் குரோமோசோமில் விடுபட்ட பகுதி எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும். மனைவிக்கு முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தாலும் இதே பதில்தான், மூன்று மாதம் காத்திருந்து பார்ப்போம் என்ற சொகுசு அவர்களுக்கு இல்லை. 1992 முதல் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை இருக்கிறது. செலவு லட்சக்கணக்கில் ஆகும் என்பது உண்மை. பூஜ்யத்துக்கு அருகில் இருப்பவர் பாக்கெட்டில் போடும் காசை அதற்குச் சேர்ப்பது மேல்.

அந்தத் தம்பியிடம் கடைசியாகத்தான் கேட்டேன், சமீபத்தில் காய்ச்சல் ஏதாவது வந்ததா என்று. டெங்கு, ஆறு வாரம் முன்னால், நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். பலத்த காய்ச்சல் வந்து போனால் அடுத்த இரண்டு மூன்று மாதம் கவுண்ட் விழுந்து கிடக்கும். அவருடைய 11 மில்லியன் அவருடைய உண்மையான எண்ணா என்பதே எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. ரிசல்ட் கொடுத்த அன்றைக்கே இதை நான் கேட்டிருக்க வேண்டும்.

டின்னைப் பிரிக்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். மாத்திரை அட்டையையும் பாக்கெட்டையும் யூராலஜிஸ்டிடம் காட்டிக் கேட்கச் சொன்னேன். பூனைக்காலியை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார், அதை எடுப்பாரா என்று தெரியவில்லை. சம்படத்தைத் திறந்து எனக்கு ஒரு கைப்பிடி கடலை கொடுத்தார், இன்னும் சூடு இருந்தது. அடுத்த பரிசோதனைக்கு நோட்டில் தேதி எழுதி வைத்திருக்கிறேன். மூன்று நாள் விந்து வெளியேற்றாமல் இருந்து, காலையில் வந்து, இங்கேயே எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டிலிருந்து கொண்டு வருவதானால் அரை மணி நேரத்துக்குள், சட்டைக்குள் உடம்புச் சூட்டோடு வைத்துக்கொண்டு வர வேண்டும். இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.